ஒரு யார்டு, 26 விநாடி: மால்கம் பட்லர் பறித்த பந்து

ஒரு யார்டு என்பது மூன்று அடி. வாசற்படியைத் தாண்ட எடுத்து வைக்கும் ஓர் எட்டு. 2015 பிப்ரவரி 1 அன்று அரிசோனா மாநிலத்தின் கிளென்டேல் நகரில் சியாட்டில் சீஹாக்ஸ் அணி அந்த ஓர் எட்டைத் தாண்டியிருந்தால், தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் கோப்பை அவர்களுடையதாகியிருக்கும். தாண்டுவதற்கு மூன்று வாய்ப்புகள் மீதம் இருந்தன. மேல்விழும் ஆட்களையும் இழுத்துக்கொண்டு முன்னேறக்கூடிய மார்ஷான் லிஞ்ச் அணியில் இருந்தார். பந்து அவர் கைக்குத்தான் போகும் என்று அரங்கமே எதிர்பார்த்தது. போகவில்லை. தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அதை எறிந்தார். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் புதுமுகம் ஒருவர் குறுக்கே பாய்ந்து அதைப் பறித்துக்கொண்டார். ஆட்டம் 28-24 என்று பேட்ரியாட்ஸ் பக்கம் முடிந்தது.

அன்றிரவே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சூப்பர் பவுல் வரலாற்றிலேயே மிக மோசமான முடிவு, லிஞ்சிடம் கொடுக்காமல் எறிந்த முட்டாள்தனம் என்றார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. அந்தக் கடைசி ஒரு நிமிடத்தைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. சியாட்டில் தவறு செய்தது உண்மை. ஆனால் தவறு நடந்த இடம் எல்லாரும் விரல் நீட்டும் இடம் இல்லை என்பது என் வாதம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். நான்கு டவுனுக்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டி, அதற்கு அப்பால் உள்ள எண்ட் ஸோனுக்குள் போனால் டச்டவுன், 6 புள்ளிகள். அதையடுத்து உதைத்து இன்னொரு புள்ளி எடுக்கலாம். டச்டவுன் முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளிகள் எடுக்கலாம். இனி கடிகாரம். பந்தோடு ஓடியவரைக் களத்துக்குள் வீழ்த்தினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். இந்தக் கடைசி விதியை மறந்துவிடாதீர்கள். வழக்கின் பாதி இதில்தான் தொங்குகிறது.

முந்தைய ஆண்டு டென்வர் அணியை 43-8 என்று துவைத்தெடுத்துக் கோப்பை வென்ற அணி சியாட்டில். பயிற்சியாளர் பீட் கேரல், 1997 முதல் 1999 வரை அதே பேட்ரியாட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். அவர் போன பிறகு 2000-இல் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பில் பெலிசிக். பழைய மாமியார் வீட்டோடு மோதுகிற கதை.

முதல் பாதி 14-14 என்று முடிந்தது. அதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு செய்தி. அதுவரை என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) ஆட்டங்களில் ஒரு பந்தைக்கூடப் பிடித்திராத கிறிஸ் மேத்யூஸ் என்ற உயரமான சியாட்டில் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) அன்று திடீரென்று பேட்ரியாட்ஸ் தடுப்பாளர்களின் தலைக்கு மேலே பந்துகளைப் பறிக்கத் தொடங்கினார். ஆட்டம் முடியும்போது அவர் கணக்கில் 109 யார்டுகள். அவரைக் காத்துக்கொண்டிருந்த கைல் ஆரிங்டனால் சமாளிக்க முடியவில்லை. இரண்டாவது பாதியில் ஆரிங்டனை உட்கார வைத்துவிட்டு பெலிசிக் ஆட்களை மாற்றி நிறுத்தினார். அந்த மாற்றத்தில்தான் 21 என்ற எண்ணிட்ட சட்டையோடு மால்கம் பட்லர் களத்துக்கு வந்தார். மேத்யூஸ் அன்று சாதாரணமாக ஆடியிருந்தால் பட்லருக்கு வேலையே வந்திருக்காது. சியாட்டிலுக்குக் கிடைத்த அதிர்ஷ்டமே பின்னால் அவர்களைக் கடித்தது.

மூன்றாவது கால்பகுதி முடியும்போது சியாட்டில் 24-14 என்று முன்னால் இருந்தது. அதுவரை சூப்பர் பவுலின் இறுதிக் கால்பகுதியில் பத்துப் புள்ளிகள் பின்தங்கிய எந்த அணியும் மீண்டு வந்து வென்றதில்லை. ஆனால் சியாட்டிலின் தடுப்பணி அன்று நொண்டிக்கொண்டிருந்தது. ஜெரமி லேன் முதல் கால்பகுதியிலேயே கை முறிந்து வெளியேறியிருந்தார். பேட்ரியாட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிராடியைத் துரத்திக்கொண்டிருந்த கிளிஃப் அவ்ரில் தலையில் அடிபட்டு விலகினார். மிச்சமிருந்தவர்களில் சிலர் பழைய காயத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவகாசம் கிடைத்த பிராடி இரண்டு டச்டவுன் போட்டார். இரண்டாவது, ஜூலியன் எடல்மனுக்கு. 28-24. கடிகாரத்தில் 2 நிமிடம் 2 விநாடி.

நான்கு புள்ளிகள் பின்னால் இருப்பதால் 3 புள்ளி உதை சியாட்டிலுக்குப் பயன்படாது. டச்டவுன் ஒன்றுதான் வழி.

கடைசிப் படையெடுப்பு

தங்கள் பக்கத்து 20 யார்டு கோட்டிலிருந்து கிளம்பினார்கள். முதல் எறிதலிலேயே லிஞ்ச் 31 யார்டு தாண்டினார். பிறகு இரண்டு எறிதல்கள் வீண். மூன்றாவது ரிக்கார்டோ லாக்கெட் கையில், 11 யார்டு. அடுத்து வந்தது, தோற்ற அணியின் வரலாற்றில் மட்டுமே இடம்பெற நேர்ந்த ஓர் அற்புதம்.

சியாட்டில் ரிசீவர் ஜெர்மெய்ன் கியர்ஸ் வலப்பக்கமாக ஓடினார். கூடவே பட்லர். பட்லர் சரியான நேரத்தில் எம்பிப் பந்தைத் தட்டிவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். இருவரும் விழுந்தார்கள். பந்து மல்லாந்து கிடந்த கியர்ஸின் காலில் பட்டு, மேலே எழும்பி, கையில் பட்டு, மறுபடி எழும்பி, கடைசியில் அவர் பிடியில் வந்து அடங்கியது. தரையைத் தொடவே இல்லை. கியர்ஸ் எழுந்து எண்ட் ஸோனை நோக்கி நகரத் தொடங்கியதும் பட்லர் பாய்ந்து வந்து அவரை எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளினார். பந்து 5 யார்டு கோட்டில். 33 யார்டு ஆதாயம்.

அந்தத் தள்ளலை யாரும் பேசுவதில்லை. பந்து பிடிபட்ட அதிர்ச்சியில் பட்லர் அரை விநாடி உறைந்து நின்றிருந்தால் கியர்ஸ் நடந்தே கோட்டைத் தாண்டியிருப்பார். பிறகு நாம் பேசுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

பேட்ரியாட்ஸ் ரசிகர்களுக்கு இது பழைய புண். 2008 பிப்ரவரி 3, இதே மைதானம். அதுவரை அந்தப் பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த பேட்ரியாட்ஸ், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியிடம் 17-14 என்று தோற்றது. அன்று டேவிட் டைரீ பந்தைத் தன் தலைக்கவசத்தோடு ஒரு கையால் அழுத்திப் பிடித்ததுதான் ஆட்டத்தைத் திருப்பியது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே கூரையின் கீழ் கியர்ஸ் மல்லாந்து படுத்துக்கொண்டு பந்தைப் பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்லர் தலையைத் தொங்கப்போட்டபடி வெளியே வந்தார். தோல்விக்குத் தான்தான் காரணம் என்று அந்த நேரத்தில் அவர் நம்பினார்.

1 நிமிடம் 6 விநாடி மீதம். சியாட்டில் ஒரு டைம் அவுட் (கடிகாரத்தை நிறுத்தி யோசிக்கக் கிடைக்கும் அவகாசம்) எடுத்தது. அந்தப் படையெடுப்பில் செலவான இரண்டாவது டைம் அவுட் அது. இனி கையில் ஒன்றே ஒன்று. முதல் டவுன். பந்து லிஞ்சிடம் போனது. இடப்பக்கமாக நுழைந்தார், வழி திறந்தது, நான்கு யார்டு போனார். தோள்பட்டைக் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்த பேட்ரியாட்ஸின் டோன்டா ஹைடவர், விலகாமல் அவர் கால்களைக் கட்டிப்பிடித்து ஒரு யார்டு முன்னால் சாய்த்தார். அதுவும் பேசப்படாத ஓர் ஆட்டம்.

இங்கேதான் எல்லாரும் பார்க்கத் தவறும் அந்த அரை நிமிடம் வருகிறது.

ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்

லிஞ்ச் வீழ்ந்தபோது ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த நிலையில் தடுக்கும் அணிதான் டைம் அவுட் கேட்கும்: எதிரணி எப்படியும் அடித்துவிடும், நம் குவார்ட்டர்பேக்குக்குச் சில விநாடிகளாவது மிஞ்சட்டும் என்று. பெலிசிக் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கத்து ஓரத்தில் ஏதோ குழப்பம் தெரிந்தது, அவர்களுக்கு யோசிக்க நேரம் கொடுக்க விரும்பவில்லை என்ற வகையில் பின்னாளில் விளக்கம் சொன்னார். சியாட்டில் அடித்திருந்தால் இதே மௌனத்துக்காக அவரைப் பிய்த்து எறிந்திருப்பார்கள். வென்றதால் மேதை.

சியாட்டிலும் அவசரப்படவில்லை. பிராடி கைக்கு நேரம் மிஞ்சக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அதனால் விநாடிகளைக் கரையவிட்டார்கள். ஐம்பது, நாற்பது, முப்பது. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது 26.

இப்போது கேரலின் இடத்தில் நின்று பாருங்கள். மூன்று டவுன், 26 விநாடி, ஒரு டைம் அவுட். இரண்டாவது டவுனில் லிஞ்ச் ஓடித் தடுக்கப்பட்டால் கடிகாரம் ஓடும். டைம் அவுட் எடுத்தாக வேண்டும். இருபது விநாடி போல மிஞ்சும், டைம் அவுட் தீர்ந்துவிடும். மூன்றாவது டவுனிலும் ஓடித் தடுக்கப்பட்டால், குவிந்து கிடக்கும் உடல்கள் பிரிந்து எழுந்து வரிசையில் நிற்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடலாம். ஆக, மூன்று டவுனையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒன்றாவது எறிதலாக இருக்க வேண்டும். எறிதல் தவறினால் கடிகாரம் நிற்கும், டைம் அவுட் பத்திரமாக இருக்கும், அடுத்த இரண்டு முறையும் லிஞ்சை ஓட விடலாம். எறிதலை மூன்றாவது டவுனுக்குத் தள்ளிப்போட்டால் பேட்ரியாட்ஸ் அதை எதிர்பார்த்தே நிற்பார்கள். இரண்டாவது டவுனில் எறிந்தால் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

கணக்குப் பிழையில்லை. அந்த 2014 பருவத்தில் ஒரு யார்டு கோட்டிலிருந்து எல்லா அணிகளும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட முறை பந்தை எறிந்திருந்தன. எதிரணி இடைமறித்தது இந்த ஒன்றைத்தான். லிஞ்சோ அதே பருவத்தில் ஒரு யார்டு கோட்டிலிருந்து ஐந்து முறை ஓடி ஒரே ஒரு முறைதான் டச்டவுன் அடித்திருந்தார். ஐந்து என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதை வைத்து அவரைக் குறைத்துப் பேச முடியாது. அந்தப் பருவத்தில் ஓட்டத்தில் 13 டச்டவுன் அடித்தவர் அவர். அந்த ஆட்டத்திலேயே 102 யார்டு ஓடியிருந்தார். ஆனால் ‘லிஞ்சிடம் கொடுத்தால் நிச்சயம்’ என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை என்பதற்கு அந்த எண் போதும்.

2007-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதியில் மிஸ்பா உல் ஹக் நான்கு பந்தில் ஆறு ரன் தேவை என்ற நிலையில் ஜோகிந்தர் சர்மாவின் பந்தைக் குனிந்து பின்பக்கமாகத் தூக்கியதும் ஸ்ரீசாந்த் கையில் அது போய் இறங்கியதும் நம்மில் பலருக்குக் கண்ணுக்குள் நிற்கும். அதற்கு முந்தைய பந்துவரை அந்த இன்னிங்ஸைத் தனியாகத் தூக்கி வந்தவர் மிஸ்பா. பந்து இன்னும் சில அடி தள்ளிப் போயிருந்தால் அந்த அடியைத் துணிச்சல் என்று பாகிஸ்தான் இன்றும் பாடிக்கொண்டிருக்கும். பிடிபட்டதால் மடத்தனம். முடிவை வைத்து முடிவெடுத்தவரை அளக்கிற பழக்கம் எந்த ஊர் ஆட்டத்துக்கும் பொது.

சரி, சியாட்டில் எங்கேதான் தவறியது? என் பார்வையில் மூன்று இடங்கள். மூன்றும் ஒரே தடிமன் இல்லை.

முதலாவது, அந்த 26 என்ற எண்ணே. விதி கொடுத்த எண் இல்லை அது. சியாட்டில் தானே இறக்கிக்கொண்டது. இரண்டு டைம் அவுட்டை முன்பே செலவழித்துவிட்டு, பிராடிக்கு நேரம் தரக் கூடாது என்று விநாடிகளையும் எரித்ததால்தான் எறிந்தாக வேண்டிய நெருக்கடி வந்தது. 45 விநாடி இருக்கும்போது தொடங்கியிருந்தால் லிஞ்சை எந்தக் கவலையும் இல்லாமல் ஓட விட்டிருக்கலாம். இன்னும் அடிக்காத டச்டவுனுக்குப் பிறகு பிராடி என்ன செய்வார் என்று கவலைப்பட்டார்கள். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதை.

மூன்றாவது முக்கியமே இல்லை, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். ரிசீவராக லாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தது. அவர் அணியின் முதல் வரிசை ரிசீவர் இல்லை. ஆனால் அதே படையெடுப்பில் ஒரு பந்தைப் பிடித்துத் தந்தவர். இன்னொரு ரிசீவரான டக் பால்ட்வின் எதிரே பேட்ரியாட்ஸின் பெயர்பெற்ற தடுப்பாளர் டாரெல் ரீவிஸ் நிற்கும்போது வேறு பக்கம் பார்ப்பது இயல்புதான்.

இரண்டாவதுதான் கனமான குற்றச்சாட்டு. எறியலாம், இதை ஏன் எறிந்தார்கள்? நடுப்பகுதியை நோக்கிச் சாய்ந்து ஓடும் ஸ்லாண்ட், ஒரு யார்டு கோட்டில், இருபத்திரண்டு பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில். பந்து தட்டப்பட்டால் காற்றில் எழும்பி யார் கையிலும் விழலாம். வில்சன் அந்தப் பருவத்தில் தானே 849 யார்டு ஓடியவர். அவரை ஓரமாக ஓடவிட்டிருந்தால் மூன்று வழிகள் இருந்திருக்கும்: தானே கோட்டைத் தாண்டலாம், யாராவது தனியாக நின்றால் எறியலாம், எதுவும் சரிப்படாவிட்டால் பந்தைப் பார்வையாளர் கூட்டத்துக்குள் வீசிவிட்டு அடுத்த டவுனுக்குப் போகலாம். கையில் இருந்த மிகப் பாதுகாப்பான எறிதல் அது. அதை விட்டுவிட்டு ஒரே ஒரு வழி மட்டும் உள்ள ஆட்டத் திட்டத்தைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் டாரெல் பெவல் அனுப்பினார். கேரல் ஒப்புதல் தந்தார்.

‘மால்கம், போ!’

சியாட்டில் மூன்று ரிசீவர்களை இறக்கியதைப் பார்த்ததும் பேட்ரியாட்ஸ் பக்கத்தில் ஒரு மாற்றம் நடந்தது. முன்வரிசையில் கனத்த ஆட்களை அப்படியே விட்டுவிட்டு ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகள் மூவரை நிறுத்தும் ஓர் அமைப்பு அவர்களிடம் இருந்தது. இரண்டு பேர் ஏற்கெனவே களத்தில். மூன்றாவது ஆள் வேண்டும். தடுப்பணிப் பயிற்சியாளர்களில் ஒருவரான பிரயன் புளோரஸ், ‘மால்கம், போ!’ என்று கத்தினார். சற்று முன் தலையைத் தொங்கப்போட்டிருந்த பட்லர் கோட்டை நோக்கி ஓடினார். நேரம் நெருக்கிக்கொண்டிருந்ததால் போய் நிற்பதற்கே பதற்றமாக இருந்தது.

யார் இந்த பட்லர்? மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் ஊர்க்காரர். முதலில் சேர்ந்த கல்லூரியின் அணியிலிருந்து நீக்கப்பட்டு, பொப்பாய்ஸ் கோழிக்கறிக் கடையில் வேலை பார்த்தவர். பிறகு திரும்பி வந்து, பெரிய பெயர் இல்லாத மேற்கு அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடினார். கல்லூரி வீரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் 2014 தேர்வில் எல்லா அணிகளும் சேர்ந்து 256 பேரைத் தேர்ந்தெடுத்தன. அந்தப் பட்டியலில் அவர் இல்லை. பேட்ரியாட்ஸ் நடத்திய சோதனை முகாமுக்கு வந்து இடம் பிடித்தவர். அந்த இரவுவரை என்எஃப்எல் ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட அவர் இடைமறித்ததில்லை.

சியாட்டில் வலப்பக்கத்தில் இரண்டு ரிசீவர்களை ஒருவர் பின் ஒருவராக அடுக்கி நிறுத்தியது. முன்னால் கியர்ஸ், பின்னால் லாக்கெட். அந்தத் திட்டத்தின் சூட்சுமம் எளிமையானது. முன்னால் நிற்பவர் தன் எதிரே இருப்பவரை மட்டுமில்லாமல் அவருக்குப் பின்னால் இருப்பவரையும் மறித்துவிட வேண்டும். அந்த மறைப்புக்குள் பின்னால் இருப்பவர் உள்பக்கமாகச் சாய்ந்து ஓட, பந்து அங்கே காத்திருக்கும். இந்த அமைப்பு வந்தால் இந்தத் திட்டம்தான் வரும் என்று பேட்ரியாட்ஸ் குறித்து வைத்திருந்தார்கள். அந்த வாரப் பயிற்சியில் சியாட்டில் போல நடித்த இரண்டாம் அணி இதையே ஆடிக்காட்டியது. ஜிம்மி கரோப்போலோ எறிந்தார், ஜோஷ் பாய்ஸ் பிடித்தார். தடுக்க வேண்டியவர் பட்லர். மறைப்பைச் சுற்றிக்கொண்டு போனதால் தாமதமாகிவிட்டார். டச்டவுன். இதை நீ விடக் கூடாது என்று பெலிசிக் அங்கேயே அவரிடம் சொன்னார்.

இன்னொருவரும் இருந்தார். கியர்ஸுக்கு நேர் எதிரே நின்ற பிராண்டன் பிரவுனர். முந்தைய பருவம்வரை சியாட்டில் அணியில் ஆடியவர். ஆறடி நாலங்குல உயரம். அந்த அணி என்ன செய்யும், கியர்ஸ் எப்படி நகர்வார் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கப்பட்ட வீட்டுச் சமையலறை போல. பட்லரிடம் கைகாட்டி முன்னால் இருப்பவரைத் தான் பார்த்துக்கொள்வதாக உணர்த்திவிட்டு நெருங்கி நின்றார்.

பந்து பின்னால் வந்தது. காணொளியை இந்த இடத்தில் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பிரவுனரின் இரண்டு உள்ளங்கைகளும் கியர்ஸின் மார்பில் பதிகின்றன. கியர்ஸ் ஒரு அடிகூட முன்னால் வரவில்லை. சுவரில் மோதியவர் போல அங்கேயே நிற்கிறார். மறிக்க வந்தவர் மறிபட்டுவிட்டார். அதனால் பட்லருக்கு முன்னால் ஒரு வழி திறந்திருக்கிறது. கோட்டுக்கு உள்ளே நின்ற பட்லர் முதலில் ஒரு சிறு அடி பின்வாங்குகிறார். அவர் கண் வில்சன் மீது. வில்சன் தலை திரும்பியதும் பட்லர் கிளம்பிவிடுகிறார், பந்து கையை விட்டுப் புறப்படும் அதே கணத்தில். பயிற்சியில் சுற்றிக்கொண்டு போனவர் இந்த முறை நேர்க்கோட்டில் போகிறார். லாக்கெட் பந்துக்காகக் கை நீட்டும்போது பட்லரின் தோள் அவர் தோளுக்கு முன்னால் நுழைந்துவிட்டது. மோதலில் லாக்கெட் பின்னால் தெறிக்கிறார். பந்து பட்லரின் கைகளுக்குள்.

நான் முதலில் பார்த்தபோது பந்து வேறு எங்கோ தெறித்துவிட்டது என்றே நினைத்தேன். அவ்வளவு வேகம். தட்டிவிட்டாலே போதுமான இடத்தில் பிடித்தார் என்பதுதான் ஆச்சரியம். தட்டிவிட்டிருந்தால் சியாட்டிலுக்கு இன்னும் இரண்டு டவுன் இருந்திருக்கும். கேரலின் கணக்கு பழுதில்லாமல் தொடர்ந்திருக்கும்.

ஓரத்தில் நின்ற பிராடி சின்னப் பையனைப் போல மேலும் கீழுமாகக் குதித்தார். எதிர்ப்பக்கத்தில் சியாட்டிலின் ரிச்சர்ட் ஷெர்மன் முகத்தில் கேமரா நிலைத்து நின்றது. அந்த முகம் சில விநாடிகளில் எப்படி மாறியது என்பது தனியாகவே புகழ்பெற்றது. பட்லர் மூச்சுவிட முடியாமல் சக வீரர்கள் நடுவே உட்கார்ந்திருந்தார். பெரிய ஆட்டம் ஒன்று ஆடப்போவதாகத் தனக்கு ஒரு காட்சி தோன்றியது என்று பின்னர் சொன்னார்.

ஆட்டம் அதோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. பந்து பேட்ரியாட்ஸின் ஒரு யார்டு கோட்டில். 20 விநாடி பாக்கி. பிராடி வழக்கம்போல பந்தோடு முழங்காலிட்டு (தானே வீழ்ந்ததாகக் கணக்கு, கடிகாரம் ஓடும்) நேரத்தைக் கழிக்க முடியாது. தன் எண்ட் ஸோனுக்குள்ளேயே முழங்காலிட்டால் சேஃப்டி, சியாட்டிலுக்கு 2 புள்ளி, பந்தும் திரும்ப அவர்களிடம் போகும். அந்த இக்கட்டிலிருந்து காப்பாற்றியது சியாட்டில்தான். பிராடி குரலை ஏற்றி இறக்கி ஏமாற்ற, மைக்கேல் பென்னட் அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டிவிட்டார். தண்டனை ஐந்து யார்டு. முழங்காலிட இடம் கிடைத்துவிட்டது. அடுத்து ஒரு கைகலப்பு. சியாட்டிலின் புரூஸ் இர்வின் வெளியேற்றப்பட்டார். சூப்பர் பவுலில் ஒரு வீரர் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டது அதுவே முதல் முறை.

பழி யார் தலையில்

கேரல் ஒளிந்துகொள்ளவில்லை. முடிவு தன்னுடையது என்று அன்றிரவே சொன்னார். சில நாட்கள் கழித்துத் தொலைக்காட்சிப் பேட்டியில், அது மோசமான முடிவு இல்லை, ஒரு முடிவுக்கு நேர்ந்த மிக மோசமான விளைவு என்ற பொருளில் பேசினார். அவரைக் கிண்டல் செய்யவே அந்த வாக்கியம் பயன்பட்டது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. வில்சனும் பழியை ஏற்றுக்கொண்டார். பெவல் மட்டும் லாக்கெட் பந்துக்காக இன்னும் உறுதியாகப் போராடியிருக்கலாம் என்ற தொனியில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். லிஞ்ச் நாயகனாவதைத் தடுக்கவே எறிந்தார்கள் என்று ஒரு வதந்தியும் சுற்றியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நம்புவதற்கு ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வாதங்கள் எல்லாவற்றிலும் ஒரு விசித்திரம். எல்லாரும் சியாட்டில் என்ன செய்யாமல் விட்டது என்றுதான் பேசுகிறார்கள். எதிரே நின்ற இரண்டு கார்னர்பேக்குகள் செய்ததை இரண்டாவது வரியில் தள்ளிவிடுகிறார்கள். பிரவுனர் அரை அடி விட்டுக்கொடுத்திருந்தால் பட்லர் மறிக்கப்பட்டிருப்பார், லாக்கெட் தனியாக நின்று பிடித்திருப்பார், தொலைக்காட்சியில் பார்த்த 11.44 கோடி அமெரிக்கர்கள் பெவலின் தைரியத்தைப் பாராட்டிக்கொண்டு தூங்கப் போயிருப்பார்கள்.

ஆட்டநாயகன் விருது பிராடிக்குப் போனது. 37 பந்துகள் சரியாகச் சேர்ந்தன, நான்கு டச்டவுன், மறுக்க முடியாது. பரிசாகக் கிடைத்த ஷெவர்லே பிக்கப் வண்டியை அவர் பட்லருக்குக் கொடுத்துவிட்டார். லாக்கெட் அதே ஆண்டு நவம்பரில் டல்லாஸில் கழுத்தில் பலத்த காயம் பட்டு ஆட்டத்தையே விட்டார். கேரலின் சியாட்டில் அதன்பிறகு ஒரு சூப்பர் பவுலுக்குக்கூடப் போகவில்லை. 2023 பருவத்தோடு அவர் அங்கிருந்து விலகினார். பெவல் 2018 ஜனவரியிலேயே நீக்கப்பட்டிருந்தார்.

பட்லர் அடுத்த மூன்று பருவங்களும் பேட்ரியாட்ஸின் முதல் வரிசைத் தடுப்பாளராக ஆடினார். 2018 பிப்ரவரி 4, மினியாபோலிஸ். மறுபடியும் சூப்பர் பவுல், எதிரே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். தேசிய கீதத்தின்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஈகிள்ஸ் எறிந்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக பேட்ரியாட்ஸ் தடுப்பைப் பிளந்துகொண்டு போயின. ஆட்டம் 41-33 என்று கைவிட்டுப் போனது. தடுப்பணியோடு ஒரு முறைகூட பட்லர் களம் இறக்கப்படவில்லை. தலைக்கவசத்தோடு ஓரத்திலேயே நின்றிருந்தார். ஆட்டத்துக்காக எடுத்த முடிவு என்பதற்கு மேல் பெலிசிக் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.